டெலிபோன் தாவாக்களும் நம் அங்கத்தினரும்

நெசவாளிக்குத் தறியும் விவசாயிக்கு ஏரும் எத்தகையவையோ, அத்தகைய தொழிற் கருவியாக இன்று டெலிபோனும் ஆகிவிட்டது. தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியும் மல்லிகையும் என்ன விலைக்குப் போகின்றன என்பதைத் தோட்டத்தில் நிற்பவர் அதன் மூலமே அறிகிறார். வடசேரியில் தறியில் இருப்பவர், வெளியூர் வியாபாரி கேட்கும் கரையின் அகலத்தையும் நிறத்தையும் அதன் மூலமே தெரிந்துகொள்கிறார். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் வாழையும் ரப்பரும் பயிரிடுவோர் அன்றைய விலையை அதில் கேட்ட பிறகே சரக்கை வெளியே எடுக்கின்றனர். கூலிப் பணம் வங்கிக் கணக்கில் வரவான செய்தியும் அதில்தான் வந்து சேருகிறது.

இவ்வாறு அன்றாடப் பிழைப்புடன் கலந்துவிட்ட சாதனத்தில் தவறு நேருமாயின் அதனால் விளையும் நஷ்டமும் பிழைப்பைச் சேர்ந்ததே. நாம் கேளாத பாட்டுக்கோ ஜோசியத்துக்கோ இருப்புத் தொகையிலிருந்து பணம் பிடிக்கப்படுகிறது. பேசாத பேச்சுக்குப் பில் வருகிறது. சந்தை நாளன்று காலை முதல் இரவு வரை இணைப்பே கிடைப்பதில்லை. தனித்தனியே பார்த்தால் இவை ஐம்பது, நூறு ரூபாய்க் காரியங்கள். "இதற்காக யாரிடம் போய் நிற்பது?" என்று பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். ஆனால் சிறு தொகைகளைச் சேர்த்தே பெரிய காரியங்களைச் சாதித்தது கூட்டுறவு இயக்கம். சிறு தொகை சிறு தொகையாகவே நம் கையை விட்டுப் போகவும் கூடும் என்பதை நம்மைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் யார்?

டெலிபோன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் யாவை, அவை விதிக்கும் தண்டனைகள் எத்தகையவை, தாவா எழுந்தால் தீர்ப்பவர் யார் என்பவற்றை இங்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம். இவற்றுள் அங்கத்தினர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நிறுவனத்துக்கு விதிக்கப்படும் அபராதம் வேறு. சந்தாதாரருக்குக் கிடைக்கும் நஷ்டஈடு வேறு. முன்னது சர்க்கார் கணக்கில் சேருகிறது. பின்னது, கேட்டவர் கைக்கு மட்டுமே வந்து சேருகிறது.

பழைய சட்டத்தில் இருந்த மத்தியஸ்தம்

இந்தியத் தந்திச் சட்டம் 1885-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. டெலிபோனும் அதன் கீழேயே வந்தது. 1957-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அச்சட்டத்தில் 7-பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. டெலிபோன் கம்பி, கருவி முதலியவை குறித்துச் சந்தாதாரருக்கும் அதிகாரிக்கும் தாவா எழுந்தால், மத்திய சர்க்கார் நியமிக்கும் மத்தியஸ்தர் அதனைத் தீர்ப்பார். அவர் தீர்ப்பே முடிவானது. எந்தக் கோர்ட்டிலும் அதனை எதிர்த்துக் கேட்க இயலாது என்பது அப்பிரிவின் சாரம். டெலிபோனை நடத்தியதும் சர்க்கார். மத்தியஸ்தரை நியமித்ததும் சர்க்கார். அக்காலத்தில் டெலிபோன் வைத்திருந்தவர் மிகச் சிலரே ஆதலின், இவ்வேற்பாட்டைப் பலர் பொருட்படுத்தவில்லை.

பின்னர்த் தனியார் நிறுவனங்கள் இத்துறைக்கு வந்தன. போட்டியில் ஈடுபட்ட பலருக்கும் பொதுவான நடுவர் ஒருவர் தேவைப்பட்டது. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தோன்றியது. இதனை டிராய் என்று சுருக்கி அழைப்பர். 2000-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, தாவாக்களை விசாரிக்கும் அதிகாரம் ஆணையத்திடமிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கெனப் புது டில்லியில் தனித் தீர்ப்பாயம் ஒன்று நிறுவப்பட்டது. விதி வகுப்பவர் ஒருவர், வழக்கைத் தீர்ப்பவர் மற்றொருவர் என்னும் முறை அன்று முதல் நடைமுறையில் உள்ளது.

ஆணையத்தின் கையில் உள்ள பிரம்பு

டிராயின் உத்தரவை மீறும் நிறுவனத்துக்கு அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவு அபராதம் விதிக்கிறது. முதல் முறை ரூ. 1 இலட்சம் வரை, மறுமுறை ரூ. 2 இலட்சம் வரை. தவறு தொடர்ந்தால் நாள் ஒன்றுக்கு மேலும் ரூ. 2 இலட்சம் வரை. 1997-இல் இது பெருந்தொகையாகத் தோன்றியிருக்கலாம். பல கோடிச் சந்தாதாரரைக் கொண்ட நிறுவனத்துக்கு இன்று இது எம்மாத்திரம் என்பதை அங்கத்தினரே ஊகித்துக்கொள்வர்.

பெரிய தண்டனை விதிக்க வேண்டுமாயின் ஆணையம் சர்க்காருக்குச் சிபாரிசு செய்வதே வழி. 2016-ஆம் ஆண்டில் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியபோது, பழைய நிறுவனங்கள் தங்கள் இணைப்புகளில் போதிய இடம் தராமையால் அதன் அழைப்புகள் தடைப்படுவதாகப் புகார் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, ஏர்டெல், வோடஃபோன், ஐடியா ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் வட்டம் ஒன்றுக்கு ரூ. 50 கோடி வீதம், மொத்தம் ரூ. 3,050 கோடி அபராதம் விதிக்குமாறு டிராய் சிபாரிசு செய்தது. அச்சிபாரிசு பிறகு ஆண்டுக் கணக்கில் காகிதத்தில் நடமாடியது. அன்று அழைப்புக் கிடைக்காமல் தவித்த சந்தாதாரர் எவருக்கும் அதிலிருந்து ஒரு காசும் வருவதாக இல்லை.

நிறுவனங்களுக்கும் சர்க்காருக்கும் இடையே எழும் தாவாக்கள் இன்னும் நீண்டவை. உரிமக் கட்டணத்துக்கு எவ்வெவ்வருமானத்தைக் கணக்கில் கொள்வது என்பது குறித்து 2003-இல் தீர்ப்பாயத்தில் தொடங்கிய வழக்கில், 2019 அக்டோபர் 24-ஆம் தேதியன்றுதான் உச்ச நீதிமன்றம் சர்க்காரின் கட்சியே சரியென்று தீர்ப்பளித்தது. பாக்கித் தொகையைப் பத்தாண்டுத் தவணைகளில் செலுத்தலாம் என்று 2020 செப்டம்பர் 1-ஆம் தேதி அனுமதியும் தந்தது. பயிர்க் கடனுக்குத் தவணை கேட்டு நிற்கும் நம் அங்கத்தினர் இதனைப் படித்துப் புன்னகை செய்வராயின் அதில் வியப்பில்லை.

ஒரு ரூபாய் வந்ததும் போனதும்

சந்தாதாரர் கையில் நேராகப் பணம் சேரும்படி ஒரு முறை விதி செய்யப்பட்டதுண்டு. பேசிக்கொண்டிருக்கையில் அழைப்புத் துண்டிக்கப்பட்டால், அழைத்தவருக்கு ஓர் அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாள் ஒன்றுக்கு மூன்று அழைப்புகள் வரை வரவு வைக்க வேண்டும் என்று 2015 அக்டோபர் 16-ஆம் தேதி டிராய் விதித்தது. 2016 ஜனவரி 1 முதல் அது அமலாக வேண்டும். நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. டில்லி உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. உச்ச நீதிமன்றமோ 2016 மே 11-ஆம் தேதி அதனை ரத்துச் செய்தது.

காரணம் அறியத்தக்கது. நூறு அழைப்புகளில் இரண்டு வரை துண்டிக்கப்படுவதை ஆணையத்தின் தர விதிகளே அனுமதித்திருந்தன. அந்த வரம்புக்குள் நின்ற நிறுவனத்தையும் புதிய விதி தண்டித்தது. துண்டிப்புக்குச் சந்தாதாரர் பக்கத்துக் காரணங்களும் உண்டென்று ஆணையத்தின் அறிக்கையே கூறியிருக்க, எல்லாத் துண்டிப்புக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கொள்வது நியாயமன்று என்று நீதிமன்றம் கருதியது. தவறு எவருடையது என்று நிலைநாட்டாமல் தண்டம் விதித்தல் ஆகாது என்பதே இதன் கருத்து. இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. நஷ்டஈடு கேட்போர் தவறு நிகழ்ந்ததற்கும் அது யாருடைய தவறு என்பதற்கும் அத்தாட்சி வைத்திருக்க வேண்டும்.

அடைபட்ட கதவும் திறந்த கதவும்

இனி, தனி மனிதரின் தாவாவுக்கு வருவோம். டில்லித் தீர்ப்பாயம், சர்க்காருக்கும் நிறுவனத்துக்கும் இடையே, நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே, நிறுவனத்துக்கும் நுகர்வோர் குழுவுக்கும் இடையே எழும் தாவாக்களை விசாரிக்கும். நுகர்வோர் மன்றத்தில் தொடரத்தக்க தனி நுகர்வோரின் புகார் அங்குச் செல்லாது. டிராயும் தனி நபர் புகாரை விசாரித்துத் தீர்ப்பதில்லை. அவ்வாறாயின், நாகர்கோவிலிலோ தக்கலையிலோ இருக்கும் ஒரு சந்தாதாரர் எங்கே செல்வது?

நுகர்வோர் மன்றத்துக்கு என்று 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விடை கூறியது. ஆனால் அக்கதவு ஒரு சமயம் அடைபட்டது. கோழிக்கோட்டில் பில் தொகை செலுத்தப்படவில்லை என்று ஒருவரது டெலிபோன் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. இணைப்பைத் திரும்பத் தரவும், ரூ. 5,000 நஷ்டஈடும் 12 சதவீத வட்டியும் கொடுக்கவும் அவ்வூர் நுகர்வோர் மன்றம் உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவில் தனி மத்தியஸ்தம் இருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்கு இதில் அதிகாரமில்லை என்று 2009 செப்டம்பர் 1-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. அதன் பிறகு நாடெங்கும் டெலிபோன் புகார் கொண்டு சென்றவர்களிடம் நிறுவனங்கள் இத்தீர்ப்பையே எடுத்துக் காட்டின.

அகமதாபாத்தில் வோடஃபோன் சந்தாதாரர் ஒருவருக்கு மாதந்தோறும் சராசரி ரூ. 555 அளவில் பில் வந்துகொண்டிருந்தது. 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான ஒரு மாதத்துக்கு மட்டும் ரூ. 24,609.51 என்று பில் வந்தது. அவர் 2014 மே மாதத்தில் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் ரூ. 22,000 நஷ்டஈடு கேட்டு மனுச் செய்தார். மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று நிறுவனம் ஆட்சேபித்தது. மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் ஆகிய மூன்று இடங்களிலும் ஆட்சேபம் தள்ளுபடியாயிற்று. நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி, நீதிபதி சந்திரசூட் தலைமையில் அமர்ந்த மூவர், நுகர்வோர் சட்டம் தரும் பரிகாரம் ஏனைய பரிகாரங்களுக்கு மேலதிகமானது. மத்தியஸ்தப் பிரிவு ஒன்று இருப்பதனாலேயே நுகர்வோர் மன்றத்தின் அதிகாரம் நீங்கிவிடாது என்று தீர்ப்பளித்தனர். 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்புச் சரியான சட்டம் அன்று என்பதும் முடிவாயிற்று.

எந்த மன்றத்தில் முறையிடுவது என்பதைத் தீர்க்கவே ஏறத்தாழ எட்டாண்டுகள் சென்றன. இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்காக விடாமல் நின்ற அந்தச் சந்தாதாரர் நாடு முழுவதும் உள்ள சந்தாதாரருக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்று கூறுதல் மிகையாகாது.

கூட்டுறவாளர் ஆகிய நமக்கு இத்தீர்ப்பின் நியாயம் புதிதன்று. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 90-ஆம் பிரிவின்படி அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் இடையேயான தாவா பதிவாளரிடம் செல்ல வேண்டும் என்பது நாம் அறிந்ததே. திருமுருகன் கூட்டுறவு வேளாண் கடன் சங்கத்தில் நெல் மூட்டைகளை ஈடு வைத்துக் கடன் பெற்றோர், நெல்லைத் திரும்பப் பெறுவதில் எழுந்த தகராறு குறித்து நுகர்வோர் மன்றத்துக்குச் சென்றனர். 90-ஆம் பிரிவு இருக்க அவ்வாறு செல்லலாகாது என்று சங்கம் வாதாடியது. 2003 டிசம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றம், அப்பிரிவு நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்காது என்று கூறியது. சங்கத்தின் மீதே முறையிட உரிமையுள்ள சிறு விவசாயிக்கு, பெரிய நிறுவனத்தின் மீது முறையிடும் உரிமை இல்லாமற் போவது எங்ஙனம் பொருந்தும்? 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதே நியாயத்தை டெலிபோனுக்கும் உரியதாக்கிவிட்டது.

முறையிடும் வழி

முதற்படி, நிறுவனத்தின் புகார் மையம். 198 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் புகாரைப் பதிவு செய்யலாம். பதிந்தவுடன் புகாருக்கு ஓர் எண் தரப்படும். இந்த எண்ணே பிற்பாடு எல்லாவற்றுக்கும் ஆதாரம். "போனில் சொன்னேன், பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்" என்பது எந்த மன்றத்திலும் எடுபடாது. எண்ணையும் தேதியையும் பேசிய நேரத்தையும் அன்றே குறித்து வைத்தல் வேண்டும்.

இரண்டாம் படி, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் இவரை நியமித்தல் கட்டாயம். குறித்த காலத்துக்குள் புகார் தீராவிட்டால், அக்காலம் முடிந்த 30 நாள்களுக்குள் இவரிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை. 39 நாள்களுக்குள் அவர் முடிவு கூற வேண்டும். முறையீடுகளைப் பார்த்துக் கருத்துக் கூறும் ஆலோசனைக் குழுவில், டிராயிடம் பதிவு செய்த நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் இடம்பெறுகிறார்.

மூன்றாம் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நம் மாவட்டத்துக்கு அது நாகர்கோவிலில் உள்ளது. 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதன் பொருளில் தொலைத்தொடர்பு வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கிருப்பினும், சந்தாதாரர் தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய விலை ரூ. 5 இலட்சத்துக்கு மேற்படாவிடில் மனுக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. இரு தரப்பாரும் இசைந்தால் சமரச முறையிலும் முடித்துக்கொள்ளலாம். ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, ரூ. 25,000 முதல் ரூ. 1 இலட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை. வியாபார நோக்கத்துக்காகப் பெறும் சேவை நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே உள்ளது. எனினும் சுயதொழில் செய்து ஜீவனம் நடத்துவோர், தம் உபயோகம் வியாபார நோக்கத்தைச் சேர்ந்ததன்று என்று வாதாடலாம். தறி வைத்துப் பிழைக்கும் நெசவாளியும் தாமே பயிரிடும் விவசாயியும் மனுவில் இதனைத் தெளிவாக எழுதுதல் நன்று.

கேட்டால் கிடைப்பவை சில

பாட்டு, செய்தி முதலிய கூடுதல் சேவைகளைச் சந்தாதாரர் இரு முறை சம்மதம் தெரிவித்த பிறகே தொடங்க வேண்டும் என்று 2013 ஜூலை 10-ஆம் தேதி டிராய் உத்தரவிட்டது. சம்மதமின்றிப் பணம் பிடிக்கப்பட்டால் அதனைத் திரும்பக் கேட்கலாம். தாமதமின்றிக் கேட்பதே முக்கியம்.

தொல்லை தரும் விளம்பர அழைப்புகள் பற்றி 1909 என்னும் எண்ணில் புகார் செய்யலாம். 2025 பிப்ரவரி 12-ஆம் தேதித் திருத்தத்தின்படி, அழைப்பு வந்த 7 நாள்களுக்குள் புகார் செய்தால் போதும். பதிவு செய்யாத விளம்பரக்காரர் மீது 5 நாள்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். முதற் குற்றத்துக்கு அவர் எண்ணிலிருந்து வெளியே பேசுவது 15 நாள்களுக்குத் தடுக்கப்படும். மீண்டும் செய்தால் அவரது எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும்.

2024 ஆகஸ்ட் 2-ஆம் தேதி டிராய் வெளியிட்ட தர விதிகள் நம் மாவட்டத்தார் குறிப்பாக அறிய வேண்டியவை. சேவைத் தரம் குறைந்தாலும் பொய் அறிக்கை கொடுத்தாலும், தவற்றின் தன்மைக்கேற்ப ரூ. 1 இலட்சம் முதல் ரூ. 10 இலட்சம் வரை நிறுவனம் செலுத்த நேரும். இது சர்க்கார் கணக்குக்குச் செல்வது. இதே விதிகளில் சந்தாதாரருக்குரியதும் ஒன்று உண்டு. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் பெருந்தடை நீடித்தால், பில் கட்டும் சந்தாதாரருக்கு வாடகையில் கழிவு தர வேண்டும். முன்பணம் செலுத்துவோருக்குச் செல்லுபடிக் காலத்தை நீட்டித்துத் தர வேண்டும். கம்பி வழி இணைப்பில் பழுது மூன்று நாள்களுக்குள் சரிசெய்யப்படாவிடினும் கழிவு உண்டு.

ஆனால் இயற்கைச் சீற்றத்தால் நேரும் தடைக்கு இச்சலுகை பொருந்தாது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது ரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் சாய்ந்தன. மின் கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் இன்றிக் கோபுரங்களும் ஓய்ந்தன. கடலில் சென்றவர்களைப் பற்றிச் செய்தி அறியக் கரையில் இருந்தோர் பட்ட பாட்டை இம்மாவட்டம் மறக்காது. அத்தகைய நாளில் இழந்த சேவைக்கு இன்றைய விதியிலும் கழிவு இல்லை. புயல் ஓய்ந்த பிறகும் எத்தனை நாள் வரை தடையைப் புயலின் கணக்கில் எழுதலாம் என்பது கேட்கத்தக்க கேள்வி. அதனைத் தனி ஒருவர் கேட்பதினும் சங்கமாகக் கேட்பது வலுவுள்ளது.

தோட்டத்தில் கோபுரம்

விவசாய அங்கத்தினருக்கு மற்றொரு வகைத் தாவாவும் நேரலாம். கோபுரம் நிறுவவோ கம்பி புதைக்கவோ நிறுவனத்தார் நிலம் கேட்டு வருவர். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் தனியார் நிலத்தில் உடன்படிக்கையின் பேரில் இடம் பெறுவதற்கு வழி வகுக்கிறது. பொதுநலன் கருதி அவசியமெனில் சர்க்கார் தலையிடவும் அதில் இடமுண்டு. இவ்வகைத் தாவாக்களை மாவட்ட நீதி நிர்வாக நடுவரான கலெக்டர் தீர்ப்பார். நஷ்டஈட்டின் அளவு பற்றிய தாவா மாவட்ட நீதிபதியிடம் செல்லும். நிறுவனத்தின் கருவிகள் நம் நிலத்தில் இருப்பினும் அவற்றின் மீது நமக்கு உரிமை எழாது. ஆகையால் வாடகை, காலம், வழிப்பாதை, பயிர்ச் சேதம் ஆகிய நான்கையும் உடன்படிக்கையில் எழுதிக்கொண்டே கையெழுத்திட வேண்டும்.

கோபுரம் வைத்து மாத வாடகை தருவதாகக் கூறி, அதற்கு முன்பணம் கட்டச் சொல்வோரும் ஊர்தோறும் உள்ளனர். டிராய் முத்திரையிட்ட கடிதம் போலவும் ஒன்றைக் காட்டுவர். கோபுரத்துக்கு நிலம் வாடகைக்கு எடுப்பதில் தனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை என்று டிராயே பொது அறிவிப்புச் செய்துள்ளது. வாடகை தர வருபவர் நம்மிடம் பணம் கேட்பாரேயானால் அது மோசடியே என்று அறிக.

அதே சட்டம் சந்தாதாரரையும் தண்டிக்கும். ஆள் மாறாட்டம் செய்தோ ஏமாற்றியோ சிம் அட்டை பெறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ ரூ. 50 இலட்சம் வரை அபராதமோ உண்டு. பழக்கத்துக்காகத் தம் ஆதாரைப் பிறருக்குக் கொடுத்து இணைப்பு வாங்க உதவுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

சங்கம் செய்யத்தக்கது

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தண்டனை முறையும் மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. உரிம நிபந்தனைகளை மீறுவோருக்கு எழுத்து மூலமான எச்சரிக்கையில் தொடங்கி, ரூ. 1 இலட்சம், ரூ. 10 இலட்சம், ரூ. 1 கோடி, ரூ. 5 கோடி வரை என மீறலின் கடுமைக்கேற்ப அபராதம் உயருகிறது. விசாரணை அதிகாரி, மேல்முறையீட்டுக் குழு, பிறகு டில்லித் தீர்ப்பாயம் என்று படிகளும் வகுக்கப்பட்டுள்ளன. சட்டம் முழுவதும் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. 2024 ஜூன் 26, ஜூலை 5 ஆகிய தேதிகளில் சில பகுதிகள் அமலாயின. அபராதத்தை நிர்ணயிக்கையில் பாதிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதையும் நோக்க வேண்டும் என்று சட்டம் கூறுவது நம் கவனத்துக்குரியது. புகார் செய்யாதவர் பாதிக்கப்பட்டோர் கணக்கில் எவ்வாறு வருவர்?

ஆகவே ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு பதிவேடு வைக்கலாம் என்பது நம் யோசனை. அங்கத்தினர் பெயர், தவறு நேர்ந்த தேதி, புகார் எண், நிறுவனம் தந்த பதில், இழந்த தொகை என்று ஐந்து பத்திகள் போதும். மாதம் ஒரு முறை காரியதரிசி அதனைப் பார்வையிட்டால், ஒரே வகைத் தவறு பலருக்கு நேர்ந்திருப்பது தெரியவரும். பத்துப் பேர் புகார் எண்களுடன் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பினால் அதனை ஒதுக்குவது எளிதன்று. அதிலும் பயனில்லையேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கமும் அச்சட்டத்தின் பொருளில் மனுச் செய்யத்தக்க ஒரு நபரே. பலரைப் பாதிக்கும் பெருங்குறையாயின், நுகர்வோர் குழு என்ற முறையில் டில்லித் தீர்ப்பாயம் வரை செல்லவும் சட்டத்தில் இடமுண்டு.

நூலில் இழை குறைந்தால் வாய் திறந்து கேட்கிறோம்; நெல்லில் எடை குறைந்தால் மீண்டும் தராசில் ஏற்றச் சொல்கிறோம். டெலிபோனில் பணம் குறைந்தாலும் அவ்வாறே கேட்பது நம் உரிமை. அடுத்த முறை காரணமின்றி இருப்புக் குறைந்தால், அங்கத்தினர் முதலில் 198-ஐ அழைத்துப் புகார் எண்ணைப் பெறுக. அன்று மாலையே அதனைச் சங்கப் பதிவேட்டில் எழுதிவைக்குக.